மாப்பிள்ளையின் பழைய ரைபிளும் காலிக்கூடும்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்).

கேள்வி: ஐயா, என் மாப்பிள்ளை அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். ராணுவம் கழித்துப்போட்ட பழைய ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். “மேற்கு வங்கத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது மாமா, நம்ம நாட்டுச் சரக்கு” என்று வீடியோவில் காட்டினார். தோட்டா கிடைப்பதுதான் சிரமமாம், கிடைத்தாலும் விலை அதிகமாம். அங்கே சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டில் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்கிறார்களாம். இங்கே மூர் மார்க்கெட் பக்கமோ காயலான் கடைகளிலோ பித்தளைக் கூடு கிடைக்குமா? ஆடி மாதம் அங்கே போகிறோம், கொஞ்சம் எடுத்துப் போகலாமா?
— வி. எஸ்., தண்டையார்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முறுக்கு, ஊறுகாய், மாப்பிள்ளைக்கு வேட்டி, எது வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். கூடு வேண்டாம். மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரேயில் தோட்டா மாதிரி ஒன்று தெரிந்தாலே பெட்டியை ஓரங்கட்டி விடுவார்கள். அது காலியா, உயிருள்ளதா என்று விசாரித்து முடிப்பதற்குள் உங்கள் விமானம் போய்விடும். உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தபால், கூரியர் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

காயலான் கடையில் கிடைக்குமா என்றால், கிடைக்கக் கூடாது. எங்கள் காலத்தில் ரேஞ்சுக்கு ஐந்து ரவுண்டு கொடுத்தால் ஐந்து காலிக்கூடு திரும்பி வரவேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்தது. மத்தியான வெயிலில் நாற்பது பேர் மணலைக் கையால் சலித்தோம். சோறு கிடையாது, வண்டி கிளம்பாது. கடைசியில் ஒரு ஏட்டையா சட்டைக் கையை உதறியபோது மடிப்பிலிருந்து விழுந்தது. பக்கத்தில் படுத்துச் சுட்டவரின் கூடு சுடச்சுட உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. முழங்கைக்கு மேலே கொப்புளம்கூட வந்திருக்கிறது. மனுஷன் வாயே திறக்கவில்லை! அதனால்தான் அமெரிக்காவில் சுட்ட கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போய் வீட்டு மேஜையில் நிரப்புகிறார்கள் என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. அங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்புவது சட்டப்படி சரிதான்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். இஷாப்பூர் என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தத் தொழிற்சாலை பல காலம் செய்தது நாங்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் .303 அங்குல ரைபிள். பிறகு 1960களில், கிட்டத்தட்ட அதே உருவத்தில் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கென்று 2ஏ, 2ஏ1 என்ற ரைபிள்களைச் செய்தார்கள். அமெரிக்காவுக்கு இரண்டு ஜாதியும் போயிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தோட்டா அடுக்கும் மேகசின் சதுரமாக, மூலை மூலையாக இருந்தால் பெரும்பாலும் 7.62. ஆனால் மேகசினை மாற்றிப் போட முடியும், அதை நம்பாதீர்கள். பின்கட்டை வந்து சேரும் இடத்தில் இரும்புப் பட்டை இருக்கும். அதில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதைப் படிக்காமல் ஒரு தோட்டாகூட வாங்க வேண்டாம்.

7.62 ஆக இருந்தால் பெட்டியின் மேல் ‘7.62 நேட்டோ’ என்று போட்டதை வாங்கட்டும். .308 என்று கடையில் விற்பது உருவத்தில் அதே மாதிரிதான், ஆனால் சில கம்பெனிச் சரக்கில் அழுத்தம் கூடுதல். வயதான ரைபிளுக்கு அது எதற்கு? ரஷ்யத் துப்பாக்கிகளின் தோட்டாவுக்கும் 7.62 என்று பெயர் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

.303 ஆக இருந்தால் கதை கொஞ்சம் நீளம். நிரப்புவதற்குக் குண்டு (தோட்டாவின் நுனியில் இருந்து பறந்துபோகும் பாகம்) வாங்கும்போது எல்லாரும் ஏமாறும் இடம் இது: குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், பள்ளங்களுக்கு நடுவே மேடு இருக்கும்; .303 என்பது மேடு விட்டு மேடு அளந்தது. பள்ளத்தோடு அளந்தால் .311, .312 அங்குலம் வரும். அமெரிக்கக் கடையில் ‘முப்பது’ என்று கேட்டால் .308 அங்குலக் குண்டைக் கொடுத்துவிடுவார்கள். அது இந்தக் குழலில் தொளதொளவென்று போகும், குறி எங்கேயோ இருக்கும். பழைய மார்க் 7 ராணுவத் தோட்டாவின் குண்டு எடை 174 கிரெய்ன். அந்த எடையை ஒட்டி .311 அல்லது .312 கேட்டு வாங்கட்டும்.

கூட்டுக்கு வருவோம். டார்ச் அடித்துக் கூட்டின் உள்ளே அடியைப் பார்க்கவேண்டும். நடுவில் ஒரே ஓட்டை இருந்தால், மருந்தைப் பற்றவைக்கும் கேப் பாக்ஸர் ரகம். பழைய கேப்பை ஊசியால் தட்டி எடுத்துப் புதிது போடலாம். இரண்டு சின்ன ஓட்டை இருந்தால் பெர்டன். ஊசிதான் உடையும். இதில் வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் ஆங்கிலேய ராணுவம் பெர்டனை எடுத்துக்கொண்டது, அமெரிக்கர்கள் பாக்ஸரை எடுத்துக்கொண்டார்கள். புனே பக்கத்தில் உள்ள நம் கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் ‘கேஎஃப்’ முத்திரை போட்ட பழைய ராணுவக் கூடு கிடைத்தது என்று மாப்பிள்ளை சந்தோஷப்பட்டால், அது பெரும்பாலும் பெர்டன் என்று சொல்லுங்கள். செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் என்ற தோட்டாக் கம்பெனி இன்னமும் .303 செய்கிறது, பாக்ஸர் கேப் போட்டுத்தான். முதலில் அந்தத் தோட்டாவையே வாங்கிச் சுட்டுவிட்டு, அதன் கூட்டைச் சேர்த்து வைப்பது நல்ல வழி.

இந்த ரைபிளின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு, பின்பக்கம் பூட்டிக்கொள்கிறது. சேறு மண்ணிலும் ஓடவேண்டும் என்று தோட்டா உட்காரும் அறையையும் கொஞ்சம் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் கூடு நீள்கிறது. மறுபடி நிரப்புமுன் பழைய அளவுக்குக் கொண்டுவர முழுக்கூட்டையும் அச்சில் விட்டு இறுக்கினால் சில தடவையிலேயே அடியில் வளையமாக அறுந்துவிடும். குண்டு உட்காரும் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, அடிப்பக்கச் சுவரில் உரசிப் பார்க்கவேண்டும். பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டுக்கு ஆயுசு முடிந்தது. மருந்தின் அளவு மட்டும் நான் சொல்லமாட்டேன். மருந்துக் கம்பெனி அச்சடித்த புத்தகத்தில் உள்ள குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டால், அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றவேண்டும். பழைய கேப்பில் இருக்கும் குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை நேரத்தில் சோம்பல்பட்டு வெறும் எண்ணெயைத் தடவி ரைபிளை ரேக்கில் வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் குழலுக்குள் செங்கல்பொடி. துறைமுகக் காற்று வேறு. குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கை தோல் உரிந்தது. டெக்சாஸ் காற்று எப்படியோ, வெந்நீர் வெந்நீர்தான்.

கேள்வி: காலமான என் மாமனாரின் டிரங்குப் பெட்டியில் பன்னிரண்டு தோட்டாக்கள் இருந்தன. பச்சை பூத்திருக்கிறது. துடைத்து, ஞாபகமாக ஷோகேஸில் வைக்கலாமா?
— கே. மகேஸ்வரி, கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போடவே போடாதீர்கள். காயலான் கடையில் சம்மட்டி அடிக்கிற பையனுக்கு அது என்னவென்று தெரியாது. பச்சை பூத்த .303 ஒன்றைப் பிரித்தால் உள்ளே கார்டைட் என்ற மருந்து சேமியா மாதிரி கட்டாக இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் நெருப்புப் பட்டால் எரியும். பெட்டியை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். எப்போது, எங்கே கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமனாருக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தையும் தேடி எடுத்துப் போங்கள்.

கேள்வி: லைசென்ஸோடு .315 ரைபிள் வைத்திருக்கிறேன். நானும் வீட்டில் நிரப்பிக்கொள்ளலாமா?
— ஜே. டி., ராயபுரம்

பதில்: கூடாது. வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, தோட்டா செய்யும் லைசென்ஸ் வேறு. .303 போன்ற ராணுவ அளவுகள் சாதாரண ஜனங்களுக்கு இல்லை என்பதால்தான் இஷாப்பூரில் .315 என்று தனியாகவே செய்தார்கள். லைசென்ஸ் புத்தகத்தோடு கடைக்குப் போய்த் தோட்டா வாங்கி, வாங்கியதை அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ரைபிளைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். ராயபுரத்துக் காற்றுக்குத் தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும்.