ஈப்போவிலிருந்து கொடைக்கானல் விடுதிக்கு: குளிருக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

கேள்வி: "ஈப்போவில் வசிக்கும் மலேசியக் குடும்பம் நாங்கள். மகளுக்கு 14 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இப்போது படிவம் 2-இல் (இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) இருக்கிறாள். கொடைக்கானலில் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் சேர வேண்டும். என் தாத்தா திண்டுக்கல் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலாயா வந்தவர். இப்போது அங்கே எங்களுக்கு உறவு என்று யாரும் இல்லை. குளிருக்கு என்னென்ன வாங்குவது? வேறு எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?"

பதில்: குளிரை முதலில் கேட்டிருக்கிறீர்கள். அது பணம் கொடுத்துச் சமாளிக்கக்கூடியது. தவறினால் சரிசெய்யக் கடினமானவை மூன்று: விசாவும் பதிவும், முதல் ஆறு வாரங்களில் நீங்கள் அவளுடன் பேசும் முறை, பிறகு மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு. குளிருக்கான விவரத்தையும் முழுதாகச் சொல்கிறோம். ஆனால் தேதி கட்டுப்படுத்தும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் மகள் சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் சேர முடியாது. வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி தரும் சேர்க்கைக் கடிதத்தை வைத்து, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்துடன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போக முடியாது. விசாவின் காலம் அவள் விமானம் ஏறும் நாளிலிருந்து அல்ல, விசா வழங்கப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். ஆகவே ஆறு மாதம் முன்பே வாங்கி வைப்பதில் லாபமில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன் விண்ணப்பித்தால் நல்லது.

180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், இந்தியாவுக்குள் நுழைந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்போது இதை ஆன்லைனிலேயே செய்யலாம். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், அவள் அங்கே படிப்பதை உறுதிசெய்து பள்ளி தரும் போனஃபைடு சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். விடுதியும் தன் பங்குக்கு, அவள் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். விடுதி தரும் தகவல் வேறு, மாணவியின் பெயரில் நடக்கும் பதிவு வேறு. முதலாவது நடந்துவிட்டது என்பதால் இரண்டாவதும் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பதிவை யார் செய்கிறார்கள், எந்தத் தேதிக்குள் செய்கிறார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் அந்த விவரத்தையும் அங்கே தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கலாம். 1950 ஜனவரி 26-இலோ அதன் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்த நாளில் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி வரை, இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மகள் அந்தத் தாத்தாவுக்குக் கொள்ளுப்பேத்தி. அட்டை கிடைத்தால் விசா வேண்டாம், மேலே சொன்ன பதிவும் வேண்டாம். அது குடியுரிமை அல்ல. வாழ்நாள் விசா போன்றது. சிக்கல் ஆதாரத்தில்தான் வரும். தோட்டத்துக்கு வந்த தலைமுறையிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது அரிது. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், பிறந்த ஊரைக் காட்டும் ஏதாவதொரு அரசு ஆவணம், அவரிலிருந்து மகள் வரை உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பெயரின் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். பெட்டியில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். ஆனால் ஆகஸ்டுக்கு அதை நம்பி இருக்காதீர்கள். மாணவர் விசாவில் அனுப்பிவிட்டு, ஓசிஐ வேலையை நிதானமாகப் பார்க்கலாம்.

இனி குளிர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தால் 17 முதல் 20 டிகிரி வரை இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போகும். ஈப்போவில் 33 டிகிரியில் வளர்ந்த பிள்ளைக்கு இது கடுமையாகத் தெரியும், ஆனால் பனிநாட்டுக் குளிர் அல்ல. கோலாலம்பூர்க் கடைகளில் விற்கும் தடித்த இறகு ஜாக்கெட் இங்கே வீண் செலவு. பகலில் அதைப் போட முடியாது. நனைந்தால் சூடு தராது, காயவும் காயாது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது குளிரை விட ஈரத்தைத்தான் பெரிதாக நினைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, பெருமழை அக்டோபர், நவம்பரில். அந்த வாரங்களில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து போகும். துவைத்த ஜீன்ஸ் மூன்று நாளானாலும் இடுப்புப் பக்கம் ஈரமாகவே இருக்கும். எனவே ஒரு கனமான உடைக்குப் பதிலாக மெல்லிய மூன்று அடுக்காக யோசியுங்கள். உள்ளே தெர்மல் (உடலை ஒட்டிய வெப்ப உள்ளாடை), நடுவில் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே தலைமூடியுள்ள ரெயின்கோட். காற்றோடு பெய்யும் மழையில் குடை திரும்பிக்கொள்ளும், ரெயின்கோட்தான் உதவும்.

எண்ணிக்கையைச் சலவைதான் தீர்மானிக்க வேண்டும். விடுதியில் வாரம் ஒருமுறை துணி போய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் அது இரண்டு நாள் தள்ளும். அப்படியானால் உள்ளாடை 10 முதல் 12, காலுறை 10 ஜோடி, தெர்மல் 3 செட், ஃப்ளீஸ் 2, சீருடைக்கு வெளியே அணிய எளிதில் காயும் பேன்ட் 4. ஷூ கட்டாயம் இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் அடுத்தது காலில் இருக்க வேண்டும். நனைந்ததை ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டு விடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் ஒரு இரவில் பாதிக்கு மேல் காயும். இதை அவளுக்கே செய்து பழக்கிவிடுங்கள். தோல் பை, தோல் ஷூ இவற்றை அலமாரியில் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயில் வரும் நாளில் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

கம்பளி ஸ்வெட்டர், தொப்பி, கையுறை எல்லாம் கொடைக்கானல் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். ஒரு செட் மட்டும் கொண்டு வந்து மீதியை இங்கே வாங்குங்கள். சீருடைப் பட்டியலைப் பள்ளி தரும்வரை அந்த நிறத்தில் எதையும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு துணியிலும், காலுறை உட்பட, அழியாத மார்க்கரில் பெயர் இருக்கட்டும். ஹேர் டிரையர், சார்ஜர் போன்றவற்றின் மூன்று சதுர முனை மலேசிய பிளக் இங்கே சுவரில் பொருந்தாது. மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அடாப்டர் மட்டும் போதும். டிரையரை விடுதி அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு வையுங்கள். தின்பண்டம் நிறையக் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஜன்னலோரம் பிஸ்கட் வைத்தால் குரங்கு உள்ளே வந்து அறையையே புரட்டிப் போட்டுவிடும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மலையேற வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோட்டிலிருந்து மேலே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வரும் பிள்ளை என்றால் முன் இருக்கை, கண்ணாடி சற்றுத் திறந்தபடி, பார்வை தூரத்துச் சாலையில். போனைப் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். இரவில் மலையேறும்படி விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூடுபனியும் சாலையில் நிற்கும் காட்டுமாடும் உண்மையான ஆபத்துகள். நீங்கள் எடுக்கும் வாடகைக் காருக்கு, மலைக்கு வரும் வண்டிகளுக்கு இணையத்தில் தரும் அனுமதியான இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநர் எடுத்திருக்கிறாரா என்று கிளம்பும் முன் கேளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உள்ளதால் எஃகு பாட்டில் ஒன்று அவளிடம் இருக்கட்டும்.

முதல் வாரம் ஓடினால் மூச்சு வாங்கும். உயரத்துக்கு உடல் பழகும் வரை அது இயல்பு. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மட்டும் கவனம் வேண்டும். குளிர்ந்த ஈரக் காற்று இழுப்பைத் தூண்டும். இன்ஹேலர் இரண்டு கொடுத்து, ஒன்றை நர்ஸிடமும் ஒன்றை அவளிடமும் வைக்கச் சொல்லுங்கள். எந்த மருந்தானாலும் அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வர வேண்டும். டைஃபாய்டு, ஹெப்படைடிஸ் ஏ தடுப்பூசி குறித்து உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், கிளம்ப இரண்டு வாரமாவது முன்பு. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே நர்ஸிடம் போக வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கக் கூடாது. இதை அவள் திருப்பிச் சொல்லும் வரை சொல்லிக் கொடுங்கள்.

இப்போது ஏக்கம். பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரமும், முதல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரமும்தான் மிகக் கடினம். நாள் முழுக்க வகுப்பும் விளையாட்டும் இழுத்துக்கொண்டு போகும். மாலை இருட்டும் நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும்தான் அழுகை வரும். உங்கள் கடிகாரம் இங்கிருந்து இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவுப் படிப்பு 9 மணிக்கு முடிந்தால் உங்களுக்கு 11.30. அந்த நேரத்தில் களைத்த தாயும் களைத்த மகளும் பேசினால் இருவரும் தூங்க மாட்டீர்கள். விடுதி அனுமதித்தால் வாரம் இரண்டு நாள், இங்கே மாலை 4.30 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரவு 7 மணி. பேசி முடித்ததும் அவள் விளையாடப் போவாள், படுக்கைக்கு அல்ல.

அந்தப் பேச்சில் "அழுதியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் பதிலும் அதைச் சுற்றியே வரும். "இன்னைக்குச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாங்க?" என்று கேளுங்கள். அதே பெயர் அடுத்த வாரமும் வந்தால் அவள் வேர் பிடிக்கிறாள் என்று அர்த்தம். "பிடிக்கலைன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை, பழகிக்கொள்ள முயல்வதை விட்டு, போகும் நாளை எண்ணத் தொடங்கிவிடும். "முதல் பருவம் முடியட்டும், டிசம்பரில் உட்கார்ந்து பேசுவோம்" என்பது உண்மையும் கூட, தாங்கவும் எளிது.

எல்லா அழுகையையும் ஏக்கம் என்று ஒதுக்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், காலையில் தினமும் வயிற்றுவலி, ஒரு குறிப்பிட்ட அறைக்கோ ஆளிடமோ போக மறுக்கிறாள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசுகிறாள் என்றால் அன்றே விடுதிக் காப்பாளரையும் பள்ளி ஆலோசகரையும் நேராக அழையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இந்தியாவில் எந்த நேரமும் இலவசமாக இயங்குகிறது. அதை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு இங்கே சிம் கார்டு கிடைக்காது என்பதால் மலேசிய எண்ணை ரீலோட் செய்து உயிரோடு வைத்திருங்கள். வைஃபையில் வாட்ஸ்அப் அதிலேயே ஓடும்.

கடைசியாகப் படிப்பு. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி டிப்ளமோ கொடைக்கானலில் 1976-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் முதலில் வந்தது இங்கேதான். பதினொன்றாம் வகுப்பில் அவள் ஆறு பாடம் எடுப்பாள், மூன்று உயர்நிலையில். ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், கூடவே 4,000 சொல் கொண்ட நீண்ட கட்டுரை உள்ளிட்டவற்றுக்கு 3 சேர்த்து மொத்தம் 45. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு எழுதிய கை அவளுடையது. தமிழ் இலக்கியத்தை முதல் மொழியாக எடுக்க வழி இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வையுங்கள். ஆங்கிலத்தையும் அதே நிலையில் எடுத்து இரண்டிலும் 3-க்குக் குறையாமல் பெற்று டிப்ளமோவும் தேறினால், அது இருமொழி டிப்ளமோவாகவே வழங்கப்படும்.

ஆனால் ஐபி டிப்ளமோ மட்டும் கையில் இருந்தால், மலேசியாவுக்குத் திரும்பும்போது தனியார் பல்கலைக்கழகங்கள் ஏற்கும். அரசுப் பல்கலைக்கழகமும் அரசு வேலையும் எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்) கேட்கும். எஸ்பிஎம் சான்றிதழ் கைக்கு வர வரலாறும் தேற வேண்டும். பள்ளியில் எவரும் இதை உங்களுக்கு நினைவூட்டப் போவதில்லை, ஏனெனில் இங்குள்ள பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. அவள் பள்ளி வழியாக அல்லாமல் தனியார் பரீட்சார்த்தியாக எஸ்பிஎம் எழுதலாம், மலேசியாவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அதற்கு ஏற்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த பின் வருவதுதான்; பன்னிரண்டாம் வகுப்பில் மே மாத ஐபி தேர்வுக்கான தயாரிப்போடு அது மோதும். அதுவரை மலாய் கை விட்டுப் போகாமல் இருக்க, படிவம் 3 முதலான மலாய், வரலாற்றுப் பாடநூல்களைப் பெட்டியில் வையுங்கள். வாரம் இருமுறை பேசும் அழைப்புகளில் ஒன்றை மலாயிலேயே பேசலாம். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலத்தை மலேசியத் தேர்வு வாரிய அறிவிப்பில் பார்த்து, எழுதும் நாள்களுக்கான விடுப்பைப் பள்ளியிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கேளுங்கள்.