வாசகர் கேள்வி: மில்லில் காணாமல்போன அரிசி

கேள்வி: பீற்றாத் தேய்வுச் (கருவிலுள்ள நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனை வெளியே விடுவது) சமன்பாட்டின் கடைசியில் ஓர் எதிர்நியூத்திரினோவையும் எழுதச் சொல்கிறார் சேர். ஏன் என்று கேட்டால், "கணக்குச் சரிவர வேண்டாமா?" என்கிறார். கணக்குப் பிழைத்தால் புதிதாக ஒரு துணிக்கையைச் செருகலாம் என்றால், எந்தக் காப்பு விதிதான் தோற்கும்?
- உயர்தர மாணவி, மாங்குளம்

பதில்: நல்லாகத்தான் மடக்கியிருக்கிறீர்கள், தங்கச்சி. சேர் சொன்னது பொய்யில்லை, பாதிக் கதை.

மில்லுக்கு வாருங்கள். ஒரே வயல் நெல், ஒரே நிறை மூடைகள். குத்தி வருகிற அரிசியோ ஒரு மூடைக்கு 40 கிலோ, அடுத்ததற்கு 10, அதற்கடுத்ததற்கு 27 என்றால் நெல்லுக்குச் சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? 1914இல் பௌதிகவியலாளர் சட்விக் பீற்றாத் தேய்வில் கண்டது இதைத்தான்: ஒரே வகைக் கருவிலிருந்து வந்த இலத்திரன்கள், சிறிதிலிருந்து ஓர் உச்சம் வரை எல்லாச் சக்தியிலும் வந்தன. கருவிலிருந்து அல்பாத் துணிக்கை வெளிவரும் அல்பாத் தேய்வில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே பங்காளிகள் இரண்டே பேர். நின்ற கரு இரண்டாகப் பிரிந்தால் உந்தக் காப்பு இரண்டையும் சம உந்தத்தோடு எதிரெதிராகத் தள்ளிவிடும், அதன்பிறகு சக்தியில் பேரம் பேச இடமே கிடையாது. பங்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறதா, மூன்றாவது ஆள் இருக்கிறான். இது விளங்கினால் நியூத்திரினோ பாதி விளங்கின மாதிரி.

சரி, இலத்திரன் சக்தியை வழியில் எங்காவது கொட்டியிருக்குமோ? 1927இல் எல்லிசும் வூஸ்ரரும் பிசுமது-210ஐ ஈயத்துக்குள் அடைத்துச் சூட்டை அளந்தார்கள், மில் கதவைப் பூட்டி உமி தவிட்டையும் கூட்டியள்ளி நிறுத்த மாதிரி. உச்சச் சக்தி 1.05 மெகா இலத்திரன் வோல்ற்று (துணிக்கைச் சக்தியின் அலகு). வழியில் கொட்டியிருந்தால் அவ்வளவும் சூடாக அகப்பட்டிருக்க வேண்டும். ஒரு தேய்வுக்குச் சராசரியாகக் கிடைத்ததோ ஏறத்தாழ 0.35. நீல்ஸ் போரே, கருவுக்குள் சக்திக் காப்பு சராசரியில் மட்டும்தான் சரியோ என்று யோசித்தார். பௌலி விதியைக் கைவிடாமல் 1930 டிசம்பரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கையைக் கடிதத்தில் முன்வைத்தார் (சூரிச்சில் நடன விழா இருப்பதால் கூட்டத்துக்கு வரமுடியாது என்றும் அதிலேயே எழுதினார், பாருங்கள்).

ஆம், செருகல்தான். ஆனால் அந்த ஒரே துணிக்கை எத்தனை கணக்கைத் தீர்க்கிறது! சக்தி, உந்தம், அப்புறம் தற்சுழற்சி (துணிக்கைக்குப் பிறவியிலேயே உள்ள சுழற்சி அளவு): நியூத்திரனுக்கு அரை, புரோத்தனுக்கும் இலத்திரனுக்கும் அரையரை, இரண்டு அரையைச் சேர்த்து ஒருபோதும் அரை வராது. பிறகு வந்த இலெப்தன் எண்ணில் (இலத்திரன், நியூத்திரினோ குடும்பத்தின் கணக்கு) இலத்திரன் +1, ஆகவே கூட வருவது −1. உங்கள் "எதிர்" அங்கிருந்து வந்ததுதான். 1956இல் ரைன்சும் கோவனும் அணு உலைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தே விட்டார்கள்.

தோற்றுப்போன விதியா? இருக்கிறது, அதுவும் இதே பீற்றாத் தேய்வில்தான். இயற்கை இடம் வலம் பார்க்காது என்று நம்பியிருந்தார்கள். 1957இல் வெளிவந்த வூ அம்மையாரின் கோபால்ற்று-60 பரிசோதனை அதை உடைத்தது, ஒருவரும் புதுத் துணிக்கை செருகிக் காப்பாற்றவில்லை.

கேள்வி: கருப்பிளவில் திணிவு குறைகிறதே, அப்போ திணிவுக் காப்பு பொய்யா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தனியாகப் பார்த்தால் பொய்தான், சக்தியோடு சேர்த்தால் சரி. 1 கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவான திணிவு சக்தியாகப் போகும். நம் வீட்டுப் பாலை விறகு எரியும்போதும், எரிய எடுத்த ஒட்சிசனையும் விறகோடு கணக்கில் சேர்த்து, புகை சாம்பல் எல்லாம் சேர்த்து நிறுத்தாலும், திணிவு குறையத்தான் செய்கிறது, எந்தத் தராசும் காட்டாத அளவுக்கு.