உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

கேள்வி: பாம்பன் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 52 வயது. வள்ளத்தில் போய்க் கடற்பாசி எடுக்கிறார். நாலு வருடத்தில் இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. போன வருடத்திலிருந்து பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். ஊரில் எல்லாரும் ‘உப்புத் தண்ணிதான் காரணம்’ என்கிறார்கள். கடன் வாங்கியாவது ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாமா? தினமும் வீட்டில் வேறு என்ன மாற்றினால் நல்லது?

பதில்: கடன் வாங்க வேண்டாம். மெஷினைப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால், அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பாசிக்குப் போகும் பெண்கள் பலர் விடியற்காலை வள்ளம் ஏறினால் கரை திரும்பும்வரை வாயில் தண்ணீர் படாமல் இருப்பார்கள். காரணம் கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொல்வார்கள்: நடுக்கடலில் ஒதுங்க இடம் ஏது? மணிக்கணக்காக வெயில், முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற உழைப்பு, குடிக்கவோ ஒன்றும் இல்லை. சிறுநீர் சுண்டிப்போனால் அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்ஸலேட்டும் படிந்து கல்லாகிறது. ‘தண்ணீர் உப்பு, அதனால் கல்’ என்று ஊர் சொல்வதில் ஒரு உண்மை உண்டு. தண்ணீர் வாய்க்குப் பிடிக்காததால் மக்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். கல்லுக்கு அதுதான் பெரிய வழி.

அதனால் பழக்கத்தை இப்படி மாற்றச் சொல்லுங்கள். எழுந்தவுடன் இரண்டு டம்ளர் தண்ணீர். வள்ளம் ஏற ஒரு மணி நேரமாவது இருக்கும்போது குடித்துவிட்டால், கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போகலாம். வள்ளத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி வைத்து, மேலே வரும்போதெல்லாம் இரண்டு மடக்கு. கரைக்கு வந்ததும் அரை லிட்டர், முடிந்தால் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போடாமல். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். படுக்கும் முன் ஒரு டம்ளர், ஏனென்றால் இரவில்தான் சிறுநீர் அதிகம் கெட்டிப்படும். இடையிடையே குடிப்பதையும் சேர்த்து மொத்தம் 3 லிட்டர் வரவேண்டும், வெயில் நாளில் இன்னும் கூட. அளந்து பார்க்க முடியாவிட்டால் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போல வெளிறி இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தால் போதவில்லை. (இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த அளவு பொருந்தாது. அவர் சொல்லும் அளவுதான்.)

இரண்டாவது, சமையலறை உப்பு. பிரஷர், கல் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது இதுதான். உடம்பு மிஞ்சிய சோடியத்தைச் சிறுநீரில் தள்ளும்போது கால்சியமும் கூடவே வெளியேறுகிறது. ஆக, உப்பு கூடினால் பிரஷர் ஏறுவதோடு கல்லுக்கான பொருளும் சேர்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதை யாரும் தினமும் எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை. அதற்கு நான் சொல்லும் வழி: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். உங்கள் வீட்டில் ஒரு மாதத்திலேயே தீர்ந்துபோகிறதா? அப்படியென்றால் அதில்தான் வேலை இருக்கிறது. மீன் உரசிக் கழுவ எடுக்கும் கல்லுப்பைத் தனி டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும். இன்னொன்று, கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் வழியாக வருவதும் அந்த 5 கிராமுக்குள் அடங்க வேண்டியதுதான். எனவே பாக்கெட் 50 நாளைத் தாண்டினால்தான் உண்மையில் நல்லது.

கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாளும், பல வீடுகளில் அதுதான் குழம்பு. ஊறவைக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். காரல் கருவாட்டைத் தலை கிள்ளி, வெதுவெதுப்பான கழுநீரில் கால் மணி நேரம் போடுங்கள். தண்ணீர் கலங்கிவிடும். ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கடல் தண்ணீர் மாதிரி கரிக்கும். அத்தனையும் வயிற்றுக்குள் போகவிருந்த உப்பு. அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை இதே போல. அப்புறம் புளியைக் கரைத்து, கத்தரிக்காயோ முருங்கைக்காயோ சேர்த்து, உப்பே போடாமல் கொதிக்க விடுங்கள். கருவாடு வெந்து, குழம்பில் அதன் உப்பு இறங்கிய பிறகு ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிட்டிகை. முதல் வாரம் எல்லாரும் ‘சப்பென்று இருக்கிறது’ என்பார்கள். புளிப்பும் முண்டு மிளகாய்க் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

‘வேர்வையில் உப்புப் போகிறதே, ஈடுகட்ட வேண்டாமா’ என்று அம்மா கேட்பார். சோற்றிலும் குழம்பிலும் போவதே அதற்குப் போதும். இந்துப்புக்கு மாறினால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த பாக்கெட் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது ஒத்துப்போகாது, டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கல் வந்துவிட்டதே என்று பாலையும் மோரையும் நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள். உணவோடு போகும் கால்சியம், கல்லாகும் அந்த ஆக்ஸலேட்டைச் சிறுநீருக்குப் போகவிடாமல் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். கரைந்த உப்புகளின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அந்த 2,000 அளவுத் தண்ணீரை 3 லிட்டர் குடித்தால் 6 கிராம் உப்புகள் உள்ளே போகும். அவ்வளவும் சமையல் உப்பாக இருக்காது, ஆனால் கடலோரக் கிணறுகளில் அதன் பங்கு அதிகம். பிரஷர் இருப்பவருக்கு அது கூடாது. எனவே முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் அதைக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் ஒதுக்கி, மூடிய குடத்தில் வைத்துக் காய்ச்சிக் குடியுங்கள். குளிக்க, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீர். இப்படிச் செய்ய முடிந்தால் மெஷின் தேவைப்படாது. வீட்டு ஆர்.ஓ. ஒவ்வொரு லிட்டர் நல்ல தண்ணீருக்கும் அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாகத் தள்ளுவதும் உண்டு, தண்ணீர்ப் பஞ்சமான ஊரில் அதையும் யோசிக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அம்மா பெயரைச் சேர்க்காவிட்டால் சேர்த்துவிடுங்கள். விலாவில் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரஷர் பார்க்கும்போதெல்லாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்த்த அளவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு பாக்கெட் தீர்ந்ததும் நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனால், மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.