ஆயிரம் பேர் கூடும் விழாவைக் குழப்பமில்லாமல் நடத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் முதல்முறையாக ஒரு பெரிய பொது விழாவுக்குப் பொறுப்பேற்றிருப்பதாகவும், ஐந்நூறிலிருந்து ஆயிரம் பேர் வரை வரலாம் என்றும், எதை முதலில் பிடிப்பது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் மொரீஷியஸில் இருக்கிறேன். இங்கே ஒரு கோவிலில் தைப்பூசக் காவடிக்கு வருஷாவருஷம் வேலை செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரிந்த பெரிய விழா அதுதான், அதை வைத்தே சொல்கிறேன்.

சமையல், பந்தல், மைக், வாசல், வண்டி நிறுத்தம் என்று வேலையைப் பிரித்து ஆள் போடுவதை எல்லோரும் செய்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, தனக்குக் கொடுத்த வேலையை எந்தக் குழுவும் கெடுப்பதில்லை. ஒரு குழுவின் வேலை முடிந்து அடுத்த குழுவின் வேலை தொடங்குகிற இடத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்ளும். அதனால் விழாவுக்கு வரும் ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டு, அவர் வந்து இறங்குவது முதல் வீடு திரும்புவது வரை அவரோடு நடந்து பாருங்கள். அவர் கைமாறுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். குழுவின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும்.

காவடி எடுப்பவரையே எடுத்துக்கொள்வோம். பத்து நாள் விரதம் இருந்திருப்பார். ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு, பால் சொம்பு கட்டிய காவடியைத் தோளில் வைத்து, வெறுங்காலில் கோவிலுக்கு நடந்து வருவார். சிலர் ஆணிச் செருப்பில் வருவார்கள். ஜனவரி, பிப்ரவரி எங்களுக்கு நல்ல கோடை. காலை பத்தைத் தாண்டினாலே தார் ரோடு காலைச் சுடும். முன்னால் தண்ணீர் வண்டி ரோட்டை நனைத்துக்கொண்டே போகும். அது கொஞ்சம் வேகமாகப் போய்விட்டால், காவடி வந்து சேர்வதற்குள் ரோடு காய்ந்துவிடும். ஆகவே வண்டிக்கும் முதல் காவடிக்கும் நடுவில் ஒருவர் நடக்க வேண்டும். டிரைவருக்குக் கை காட்டுவது மட்டும்தான் அவர் வேலை.

நாக்கில் வேல் குத்தியவரால் பேச முடியாது. தாகம், தலைசுற்றல் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கூட நடப்பவர் அவர் முகத்தையும் காலையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: கண் செருகுகிறதா, நடை பின்னுகிறதா, வியர்வை நின்றுபோய்விட்டதா. அப்புறம் அவர் கோவில் வாசலுக்கு வந்து சேர்கிறார். ஊர்வலத்தோடு வந்தவர்கள் தங்கள் பொறுப்பு முடிந்தது என்று மூச்சு விடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கண்ணெல்லாம் சந்நிதியில், அபிஷேகத்தில். காவடியை இறக்கி, பாலைக் கொடுத்து, குத்திய அலகை எடுக்கிற வரைக்குமான அந்தச் சில நிமிஷம் அவர் யார் பொறுப்பிலும் இல்லை. மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள். அந்த இடத்துக்கென்றே இரண்டு பேரை நிறுத்துங்கள். நாற்காலி, நிழல், தண்ணீர், முதலுதவி தெரிந்த ஒருவர் என எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்த இருவரிடம் தட்டு பிடி, மைக்கைத் தூக்கு என்று வேறு எந்த வேலையும் சொல்லாதீர்கள்.

உங்கள் விழாவில் காவடி இருக்காது. ஆனால் மேடையிலிருந்து இறங்கும் ஒரு பாட்டி, பாடி முடித்த ஒரு குழந்தை, கூட்டத்தில் அப்பாவைத் தேடும் ஒரு பெண் நிச்சயம் இருப்பார்கள்.

அடுத்தது சாப்பாடு. இங்கே பூஜை முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறி. பூசணி, வாழைக்காய், பலாக்காய் எல்லாம் சேரும், கூடவே ரசம், பாயசம். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 800 பேருக்கு 80 கிலோ. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். பலர் போடாமல் விடுவது நேரக் கணக்கை. ஒரு பந்தியில் 100 பேர் உட்கார்ந்தால், சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, துடைத்து, மறுபடி இலை போட அரை மணி நேரமாகும். எட்டுப் பந்திக்கு நாலு மணி நேரம். ஒரு மணிக்கு அபிஷேகம் முடிந்தால் கடைசி ஆள் கை கழுவ ஐந்து மணி. பத்து நாள் விரதம் இருந்தவரை நாலரை மணிக்கு உட்கார வைப்பது நியாயமா? காவடி எடுத்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முதல் பந்தி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். முடிந்தால் ஒரே நேரத்தில் 200 பேர் உட்கார இடம் பிடியுங்கள். பணத்தை இன்னொரு இனிப்பில் போடுவதைவிட இன்னும் நாலு வரிசைப் பாயிலும் பெஞ்சிலும் போடலாம்.

சமையற்கட்டு வாசலில் ஒரே ஒருவர் நிற்கட்டும். எத்தனை பந்தி முடிந்தது, எது தீரப்போகிறது என்று அவர்தான் உள்ளே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பக்கமிருந்து 'அண்ணே சோறு, அண்ணே ரசம்' என்று கத்தினால் சமையல்காரர் எதைப் பார்ப்பார்? 2021 ஜனவரியிலிருந்து இங்கே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதற்கும் அனுமதி இல்லை. இலை இருப்பதால் கோவில்களுக்கு அதில் பெரிய சிரமமில்லை. தண்ணீர் டம்ளருக்கு மட்டும் யோசித்து வைக்க வேண்டும்.

மழை, காற்று பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கு நவம்பர் முதல் மே பாதி வரை புயல் காலம், தைப்பூசம் அதன் நடுவில் வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் எங்கள் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. அந்த வருஷத் தைப்பூசம் ஜனவரி 25. நட்சத்திரத்தைத் தள்ளிப்போட முடியாது, ஆகவே முடிவுகளை முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். இங்கே நாலு படி எச்சரிக்கை உண்டு. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வரலாம் என்றால், 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன் முதல் படி. அந்தக் காற்று வருவதற்கு முன் பன்னிரண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்படி பார்த்து இரண்டாம் படி. அரிசி, பருப்பு, எண்ணெயை ஒரு வாரம் முன்பே வாங்கலாம், கெடாது. காய்கறி, பூ, இலைக்குப் பணம் கொடுப்பது கடைசி இரண்டு நாளில்தான். முதல் படி வந்தால் காய்கறியை நிறுத்து, இரண்டாம் படி வந்தால் பந்தலைப் பிரி, பூஜை உள்ளே குருக்களோடு மட்டும். இதை யார் அறிவிப்பது என்று ஒருவரைக் குறித்து, அவர் எண்ணிலிருந்து வரும் வாட்ஸப் செய்தியை மட்டும் நம்புங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரில் புயல் இல்லையென்றால் கரண்ட் போவதை வைத்து இதே மாதிரி எழுதிப் பாருங்கள்.

போலீசுக்கு ஊர்வலப் பாதையை எழுத்தில் கொடுப்பது, மைக் சோதிப்பது எல்லாம் வழக்கமான வேலை, நடந்துவிடும். பாத்திரம் திருப்புவதற்கு மட்டும் ஆளை இப்போதே பிடித்து வையுங்கள். சாயங்காலம் எல்லோரும் களைத்துப் போயிருப்பார்கள், வாடகை அண்டாவை யார் கழுவி எண்ணுவது என்று அப்போது பேசினால் சண்டைதான். காலையில் எந்த வேலையும் கொடுக்காமல், மூன்று மணிக்கு வரச் சொன்ன நாலு பேர் போதும்.