ஃபுசென் ஜோயாகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜப்பானிய மொழி என்3 லெவல் படிச்சிட்டிருக்கேன். 1928 பாரிஸ் ஒப்பந்தத்தை ஒரு இடத்துல ‘ஃபுசென் ஜோயாகு’ங்கறாங்க, இன்னொரு இடத்துல ‘சென்சோ ஹோகி’ன்னு வருது. ரெண்டும் ஒண்ணா? போரே வேணாம்னு கையெழுத்துப் போட்ட ஜப்பான் மூணே வருஷத்துல மஞ்சூரியாவுக்குள்ள எப்படிப் போச்சு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒண்ணுதான். ‘ஃபு’ன்னா ‘இல்லை’, ‘சென்’னா போர், ‘ஜோயாகு’ன்னா ஒப்பந்தம், இது எல்லாரும் புழங்குற பேரு. அரசாங்கப் பேரு ‘சென்சோ ஹோகி நி கான்சுரு ஜோயாகு’, போரைக் கைவிடுறது பத்தின ஒப்பந்தம். அந்த ஹோகியை நல்லா பிடிச்சுக்கோங்க, 1947ல நடைமுறைக்கு வந்த ஜப்பான் அரசியல் சட்டத்துல 9வது பிரிவு இருக்கே, அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பே ‘சென்சோ நோ ஹோகி’தான்.

ஆனா அப்ப ஜப்பான்ல ரகளை நடந்தது வேற வார்த்தைக்கு. ஒப்பந்தத்தோட முதல் பிரிவுல ‘அவரவர் மக்களின் பெயரால்’னு வரும், ‘ஜின்மின் நோ நா நி ஒய்தே’. ஒப்பந்தம் போடுற அதிகாரம் சக்கரவர்த்தியோடது, இதுல மக்கள் எங்கேர்ந்து வந்தாங்கன்னு எதிர்க்கட்சியான மின்செய்தோ, பிரதமர் தனாகாவோட அரசாங்கத்தைப் போட்டு உலுக்கி எடுத்துட்டாங்க, கடைசியில 1929 ஜூன்ல அந்த வரி மட்டும் எங்களுக்குப் பொருந்தாதுன்னு அறிவிச்சிட்டுதான் ஒப்புதலே கொடுத்தாங்க. பாரிஸ்ல கையெழுத்துப் போட்ட உச்சிதா, சக்கரவர்த்திக்கு ஆலோசனை சொல்ற பிரிவி கவுன்சில்ல இருந்த பதவியை ராஜினாமா பண்ணார். சத்தியத்தை யார் பேர்ல பண்றதுன்னு இவ்ளோ அடிச்சுக்கிட்டவங்க அதைக் காப்பாத்தறதுல அந்த அக்கறையைக் காட்டலயேன்னு எனக்கு இன்னிக்கும் ஆறல.

மஞ்சூரியா கதைக்கு வர்றேன். 1931 செப்டம்பர் 18, மஞ்சூரியாவுல முக்டன் நகரத்துப் பக்கத்துல ஜப்பான் ராணுவமே தண்டவாளத்துல குண்டு வச்சிட்டு சீனர்கள் மேல பழியைப் போட்டுச்சு. போர்ப் பிரகடனமே கிடையாது, பேரு ‘மான்ஷூ ஜிஹென்’. ஜிஹென்னா சம்பவம். 1937ல சீனாவுல முழுசா இறங்கினப்பவும் ‘ஷினா ஜிஹென்’தான், போர்னு சொல்லிட்டா அமெரிக்க நடுநிலைச் சட்டத்தால சரக்கு வரத்து சிக்கலாகும்ங்கற கணக்கும் அதுல சேர்ந்துக்கிச்சு. சீனாவோட நான்ஜிங் நகரத்துல அத்தனை பேரைக் கொன்னது இந்த ‘சம்பவத்துல’தான். 1941 டிசம்பர்ல அமெரிக்காவோட மோதின அப்புறம்தான் கேபினட் ‘தாய் தோவா சென்சோ’ன்னு, அதாவது மகா கிழக்காசியப் போர்னு பேர் வச்சு சீனச் சண்டையையும் அதுக்குள்ள சேர்த்துச்சு.

அதே உச்சிதா என்ன ஆனார் தெரியுமா, 1932ல வெளியுறவு அமைச்சரா வந்து, நாடே கரிஞ்ச மண்ணானாலும் மஞ்சூரியா விஷயத்துல ஒரு அடி விட மாட்டோம்னு பார்லிமென்ட்ல பேசினார். ‘ஷோதோ கைகோ’ன்னு, அதாவது கரிஞ்ச மண் ராஜதந்திரம்னு அதுக்குப் பேரே நிலைச்சிடுச்சு, அதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பழைய ஆவணத்துல ஹோகிக்கு முதல் கான்ஜி எழுத்து வேறயா இருக்கும், குழம்பாதீங்க, உச்சரிப்பும் அர்த்தமும் அதேதான்.