மேல் தொடர்ச் சாரதிக்குக் கீழ்த் தொடரில் என்ன வேலை?

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விடயத்தைப் பற்றியவையாக இருந்தமையால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர் ஐயா, அமெரிக்காவின் நாஸ்கார் காரோட்டப் பந்தயங்களை இணையத்தில் விழித்திருந்து பார்ப்பவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை உயர்மட்டக் கப் தொடரில் ஓடும் சாரதிகள் சிலர், அதற்கு முதல் நாள் இரண்டாம் மட்டத் தொடரிலும் இறங்கி வெற்றியை அள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊர் உதைபந்தாட்டத்தில் முதற்பிரிவு வீரர் ஒருவர் இரண்டாம் பிரிவு அணிக்கு ஆட வந்தால் மைதானத்திலேயே ஆட்சேபம் எழும். அங்கே மட்டும் இது எப்படி முறையாகும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: அங்கேயும் இது முறைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. சனிக்கிழமைப் பிற்பகல் அங்கே கொடியசைத்தால் திருகோணமலையில் ஞாயிறு பிறந்துவிடும். அந்த நேரத்திலும் விழித்திருந்து பார்க்கும் உங்களுக்கு இருக்கும் அதே மனக்குறை, பந்தயத் திடலில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் இரசிகர்களுக்கும் நெடுங்காலமாக உண்டு.

நீங்கள் குறிப்பிடும் இரண்டாம் தொடர் 1982இல் தொடங்கியது. அனுசரணை நிறுவனம் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியதால் 1984 முதல் 2007 வரை புஷ் தொடர் (சாரதி கைல் புஷ்ஷுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை), பின்னர் 2014 வரை நேஷன்வைட் தொடர், அதன்பின் 2025 வரை எக்ஸ்ஃபினிட்டி தொடர் என்று அது அழைக்கப்பட்டது. மேல் தொடர்ச் சாரதிகள் இறங்கி ஓடுவது தொடக்க காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஆனால் அவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடியவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. முழுப் பருவமும் ஓடத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. 2006இல் கெவின் ஹார்விக், 2007இல் கார்ல் எட்வர்ட்ஸ், 2008இல் கிளின்ட் போயர், 2009இல் கைல் புஷ், 2010இல் பிராட் கெசலோவ்ஸ்கி என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இரண்டாம் தொடரின் சம்பியன் பட்டத்தைக் கப் தொடரிலும் முழுநேரமாக ஓடியவர்களே கொண்டு போனார்கள்.

அதனால் 2011இல், ஒரு சாரதி ஒரு பருவத்தில் ஏதேனும் ஒரு தொடரின் சம்பியன் பட்டத்துக்கு மட்டுமே புள்ளி சேர்க்கலாம் என்று நாஸ்கார் விதித்தது. பட்டம் வளரும் சாரதிகளிடம் திரும்பியது, வெற்றிகள் திரும்பவில்லை. 2013ஆம் ஆண்டில் கைல் புஷ் ஒருவர் மட்டும் 12 பந்தயங்களை வென்றார். அதே பருவத்தில் சம்பியனான ஆஸ்டின் டில்லன் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. புள்ளிகளைச் சீராகச் சேர்த்துப் பட்டம் பெற்றது அவருடைய திறமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வெற்றியும் இல்லாத சம்பியனை உருவாக்கும் தொடர், தன் இளைஞர்களைப் பற்றி இரசிகர்களுக்கு எதைச் சொல்ல முடியும்? பின்னர்தான் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. கப் தொடரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முழுநேரமாக ஓடியவர்கள் இரண்டாம் தொடரில் பத்துப் பந்தயங்களுக்கு மேல் ஓடக்கூடாது என்று 2017இல் விதி செய்தார்கள். அந்தப் பத்து 2018இல் ஏழாகவும், 2020இல் ஐந்தாகவும் குறைந்தது. இதற்கிடையே கைல் புஷ் அத்தொடரில் 102 வெற்றிகளைச் சேர்த்துவிட்டார். அவருக்கு முன் சாதனையை வைத்திருந்த மார்க் மார்ட்டினின் கணக்கு 49.

இத்தனை விதிகளும் சாரதியை எண்ணுகின்றனவே தவிர, அவர் ஏறும் காரை எண்ணவில்லை என்பதே என் குறை. கைல் புஷ் கீழே வந்து பெரும்பாலும் ஓட்டியது, கப் தொடரிலும் அணி நடத்தும் ஜோ கிப்ஸின் காரை. மேல் தொடரின் பொறியாளர்களும் தரவுகளும் பட்டறையும் பின்னால் நிற்கும் கார் அது. அந்தக் காரில் ஓர் இளைஞரை உட்கார வைத்தாலும் அவர் முன்வரிசையில்தான் ஓடுவார். ஆகவே, பெரிய சாரதி வரும் நாளில் நடப்பது இரண்டு காரியங்கள்: தொடரிலேயே சிறந்த இருக்கைகளுள் ஒன்று வளரும் ஒருவரிடமிருந்து போகிறது; மற்ற இளைஞர்களோ சிறந்த சாரதியையும் சிறந்த காரையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார்கள்.

அணி உரிமையாளர்கள் ஏன் அவரை ஏற்றுகிறார்கள் என்றும் நீங்கள் கேட்பீர்கள். காரை ஓட வைக்கும் பணம் அனுசரணையாளரிடமிருந்து வருகிறது; அனுசரணையாளரோ தொலைக்காட்சியில் நாலு பேருக்குத் தெரிந்த முகத்தைத்தான் தேடுவார். பந்தயத் திடல் நடத்துபவருக்கும் சனிக்கிழமை நுழைவுச்சீட்டை விற்க அந்தப் பெயர் தேவை. இதற்கு மேல் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. நாஸ்காரில் சாரதிக்கு ஒரு சம்பியன் பட்டம் இருப்பது போல, காரின் உரிமையாளருக்கும் தனியே ஒரு பட்டம் உண்டு. கப் சாரதிக்குத் தன் பெயரில் புள்ளி கிடைக்காவிட்டாலும் அவர் ஓட்டிய காருக்குப் புள்ளி கிடைத்துவிடும். டில்லன் சாரதிகளின் பட்டத்தை வென்ற அதே 2013இல், உரிமையாளர் பட்டத்தை வென்றது பென்ஸ்கே அணியின் 22ஆம் இலக்கக் கார். அதைக் கெசலோவ்ஸ்கி, ஜோயி லொகானோ ஆகிய கப் சாரதிகள் உட்படப் பலர் மாறி மாறி ஓட்டினார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை இது.

கேள்வி: நீங்கள் எப்படிச் சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம். கிரிக்கெட்டில் பெரிய வீரர்கள் உள்ளூர்ப் போட்டியில் ஆடுவதில்லை என்றுதான் எல்லோரும் குறைபடுகிறார்கள். விராட் கோலியும் ரோகித் சர்மாவும் ரஞ்சிக் கிண்ணத்தில் ஆட வந்தபோது கொண்டாடினார்கள். கார்ப் பந்தயத்தில் மட்டும் ஏன் பெரியவர் இறங்கினால் தவறு?
– வாசகி, கிண்ணியா

பதில்: நல்ல கேள்வி, முதற்கேள்வியைவிட இதற்கே நான் அதிகம் யோசித்தேன். 2025 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் சபை, தேசிய அணி வீரர்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவதைக் கட்டாயமாக்கியது. அந்த மாதத்தில் ரோகித் சர்மா ஆடிய மும்பை அணியை ஜம்மு காஷ்மீர் அணி ஐந்து விக்கெட்டுகளால் தோற்கடித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெல்லி அணிக்காக ரஞ்சியில் ஆட வந்த கோலியை, ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான் ஆறு ஓட்டங்களில் போல்ட் ஆக்கினார். அதற்கு முன் சங்வானின் பெயரை அறியாதவர்கள் அன்று மாலைக்குள் அறிந்துகொண்டார்கள்.

அங்கேயும் ஒரு நட்சத்திரம் வந்தால் ஓர் இளைஞர் வெளியே உட்கார வேண்டியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கோலி தன்னோடு இந்திய அணியையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. மட்டை, பந்து, ஆடுகளம் ஆகியவை இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் சங்வானின் ஒரு நல்ல பந்து போதுமானதாயிற்று. கார்ப் பந்தயத்தில் எவ்வளவு திறமையான இளைஞரும், தன் காரைவிடச் சுற்றுக்குச் சுற்று வேகமாக ஓடும் காரைத் திறமையால் மட்டும் பிடித்துவிட முடியாது. கார்களுக்கு இடையிலான தர வேறுபாடு குறைந்திருக்கும் இடத்தில் உங்கள் வாதம் முழுமையாகப் பொருந்தும் என்பதற்குக் கெசலோவ்ஸ்கியே சாட்சி. 2008இல் கப் சாரதி டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியரின் அணி கொடுத்த நல்ல காரில், கப் சாரதிகள் நிறைந்த களத்தில் ஓடித்தான் அவர் தன் முதல் வெற்றியைப் பெற்றார். அடுத்த ஆண்டு டலடேகாவில் ஒரு சிறிய அணியின் காரில் கப் பந்தயத்தையே வென்றார். பெரியவர்களோடு மோதிப் பார்க்காமல் அவர் அவ்வளவு விரைவில் தேறியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, கதவை முழுதாக அடைக்கச் சொல்பவர்களோடும் நான் உடன்படமாட்டேன்.

கேள்வி: 2015இல் கைல் புஷ் இந்தக் கீழ்த் தொடரில் ஓடித்தானே காலை முறித்துக்கொண்டார்? அப்படியிருந்தும் கப் அணிகள் ஏன் தங்கள் சாரதிகளை அனுப்புகின்றன? விதி செய்யும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் என்ன செய்வீர்கள்?
– வாசகர், மூதூர்

பதில்: ஆம், டேடோனாவில் சனிக்கிழமைப் பந்தயத்தில், மெத்தைத் தடுப்புப் பொருத்தப்படாத கொங்கிரீட் சுவரில் மோதி அவருடைய வலது காலும் இடது பாதமும் முறிந்தன. கப் தொடரின் முதல் 11 பந்தயங்களை அவர் இழந்தார். இருந்தும் திரும்பி வந்து அந்த ஆண்டின் கப் சம்பியன் பட்டத்தையே வென்றார் என்பது வேறு கதை. இரண்டு தொடர்களிலும் அணி வைத்திருக்கும் உரிமையாளருக்கு இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கு என்பதால், அபாயத்தை ஏற்றுக்கொண்டார்கள். முன்பு இன்னொரு இலாபமும் இருந்தது: சனிக்கிழமை ஓடினால் அதே தடத்தில் ஞாயிறு எப்படி ஓடுவது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். 2022இல் கப் தொடருக்குப் புதிய தலைமுறைக் கார் வந்த பிறகு அது பெருமளவு குறைந்துவிட்டது. புதிய காரில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனிச் சஸ்பென்ஷன், ஐந்து கியர், ஒற்றை நட்டில் நிற்கும் சக்கரம். இரண்டாம் தொடரிலோ பழைய முறையில் ஒரே அச்சு, நான்கு கியர், ஐந்து நட்டுகள். தடத்தின் பிடிமானத்தை அறியலாமே தவிர, காரின் குணத்தை அங்கிருந்து கொண்டுவர முடியாது.

பொறுப்பு என்னிடம் இருந்தால், கப் சாரதி ஓட்டும் நாளில் அந்தக் காரின் உரிமையாளருக்கும் புள்ளி இல்லை என்று முதலில் எழுதுவேன். இரண்டாவதாக, கப் தொடரில் அணி வைத்திருப்பவரின் காரில் ஓடினால் பருவத்துக்கு இரண்டு பந்தயங்கள்தான். கப் தொடரோடு தொடர்பில்லாத சிறிய அணியின் காரில் ஓட முன்வந்தால் எத்தனை பந்தயங்களும் ஓடலாம். சிறிய அணிக்கு அனுசரணையாளர் கிடைப்பார், அனுபவசாலி ஒருவர் காரைச் சீர்செய்யச் சொல்லும் யோசனையும் கிடைக்கும்; பதினைந்தாவது இடத்தில் ஓடும் காரைப் பெரிய சாரதி எத்தனையாவது இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று பார்க்க, உப்புவெளி வாசகரைப் போல நானும் நள்ளிரவில் விழித்திருப்பேன். பெரிய அணிகள் இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்டால், சம்மதிக்கமாட்டா.