டர்ஃபில் இறங்கும் முன்

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் டர்ஃப் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) எடுத்துக் கால்பந்து ஆடுகிறோம். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஆறே மாதத்தில் இருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒருவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன். அடிபடுவதெல்லாம் தொழில்முறை வீரர்களுக்குத்தானே? பொழுதுபோக்காக ஆடும் எங்களுக்கு ஏன்? (கோவை வாசகர்)

பதில்: பொழுதுபோக்கு என்பது உங்கள் முழங்காலுக்குத் தெரியாது. தொழில்முறை வீரர் வாரம் முழுக்க ஓடிப் பழகிய உடம்போடு இறங்குகிறார். நீங்கள் ஆறு நாள் நாற்காலியில் இருந்துவிட்டு ஏழாம் நாள் முழு வேகத்தில் ஓடுகிறீர்கள். அதுவும் சின்ன மைதானம். சட்டென்று நிற்பதும் திரும்புவதும்தான் அதிகம்.

ஆபரேஷன் ஆனவரிடம் கேளுங்கள், யாராவது உதைத்தார்களா என்று. ஏ.சி.எல். என்கிற அந்த ஜவ்வு பெரும்பாலும் யாரும் மோதாமலேதான் கிழிகிறது. பாதம் தரையில் மாட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பிவிடும். அடியில் நீளமான குமிழ்கள் (ஸ்டட்) வைத்த ஷூவைச் செயற்கைப் புல்லில் போடுவது இன்னும் ஆபத்து.

மணிக்கணக்கில் காசு கட்டியிருக்கிறோம் என்று நேராகப் பந்தை உருட்டிவிடுகிறீர்கள், சரிதானே? முந்தைய அணி ஆடி முடிக்கும்வரை வெளியே நிற்கிறீர்களே, அந்த நேரம் போதும். ஃபிஃபாவின் ‘லெவன் பிளஸ்’ வார்ம் அப் 20 நிமிடம்தான். பந்தைத் தவிர ஒரு கருவியும் வேண்டாம். நார்வேயில் பதின்வயதுப் பெண்கள் அணிகளில் அதைச் செய்து பார்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. உங்கள் வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் நான் உங்களைச் செய்யத்தான் சொல்வேன்.

கணுக்கால் பிசகியவர்கள் வலி போனதும் திரும்பி வந்துவிட்டார்களா? அதுதான் எனக்குக் கவலை. ஒருமுறை பிசகிய கால்தான் மறுபடி எளிதாகப் பிசகும். ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கப் பழகிய பிறகு வரட்டும். பிசகியவுடன் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுகிற வேலையும் வேண்டாம். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், முழங்கால் நண்பர். ஜவ்வை மாற்றி வைத்தவர் மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். அதற்கு முன்பே இறங்கியவர்களுக்கு மறுபடி காயம்படுவது மிக அதிகம். ஆள் குறைகிறது, கோல்கீப்பராகவாவது நில் என்று அவரைக் கூப்பிடாதீர்கள். கோல்கீப்பரும் குதித்துக் காலூன்றித்தான் ஆக வேண்டும்.